கேலிமுறைக்காரனின் சாட்சி

மொப்தி,
9 ஜனவரி 1996

டேய் வெங்காயம்,

நான் நலமில்லை. நீ நலமாக இருந்தால் அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. பமாக்கோ வானொலி நிலையத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவனே, இதைக் கொஞ்சம் நின்றுகொண்டு படி.

நம் கேசட் படகுத்துறைக்கு வந்துவிட்டது. படகுச் சாமான் இறக்கும் இடத்தில் பாரு கடை வைத்திருக்கிறானே, அவன் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டு அட்டையை உரக்கப் படித்தான். மீன் வாங்க வந்த கூட்டம் முழுக்க அங்கேதான் நின்றது. என் படம் நன்றாக விழுந்திருக்கிறது. கீழே எழுதியிருப்பதை நீ படித்திருப்பாய், உன் பெயரும் இருக்கிறதல்லவா? இருந்தாலும் என் கையால் ஒரு தடவை எழுதுகிறேன், அப்போதாவது ஆத்திரம் அடங்குகிறதா பார்ப்போம்.

‘அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையில் பிறந்த புளூஸ் இசை மேதை ஹாலிஸ் பிராமின் ஆப்பிரிக்க வாரிசு! நைஜர் ஆற்று மீனவர் கொமூசா தியெந்தா, பிராமின் கேசட்டைக் கேட்டுக் கேட்டே கிதார் பழகியவர். இவரோடு நெடுநாள் தாளம் வாசித்த அதிமே கிந்தோ சொல்கிறார்: அந்தக் கேசட் கிடைக்கும்வரை இவன் மீன்கூடையைத்தான் தட்டிக்கொண்டிருந்தான். இவன் வாசிக்கிற ஒரு பாட்டும் இவனுடையது கிடையாது.’

கடை வாசலில் ஒரே சிரிப்பு. “அமெரிக்காக்காரரே, ரெண்டு கெளுத்தி வாங்கிட்டுப் போங்க!” என்று ஒருத்தி கத்தினாள். நானும்தான் சிரித்தேன். ஒரு தோகோன் குலத்தான் ஒரு போசோ குலத்தானைத் திட்டியதற்கு எவனாவது கோபப்படுவானா? அப்புறம் பாரு அட்டையைத் திருப்பிப் பாட்டுப் பட்டியலைப் படித்தான். மூன்றாவது: ‘மடு திறக்கும் பாட்டு. ஹாலிஸ் பிராமுக்கு அஞ்சலி.’ அதோடு சிரிப்பு நின்றுபோயிற்று.

சாயங்காலமே நூஹூம் மாமா ஆள் அனுப்பினார். இந்தத் தண்ணீருக்குத் தலைவர் அவர். என் தாய்மாமன் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

“இந்தப் பாட்டு யாரோடதுடா?”

“நம்ம வீட்டோடது மாமா. உங்க அப்பா பாடினது.”

“அட்டையில அப்படிப் போடலையே.”

“தப்பாப் போட்டுட்டாங்க மாமா.”

“தப்போ சரியோ, ஊர் உலகம் பூரா அமெரிக்காக்காரன் பாட்டுன்னு படிச்சாச்சு. அடுத்தவன் பாட்டுக்கு நம்ம தண்ணி வழி விடாது. இந்த வருஷம் நீ மடுப் பக்கம் வராதே.”

மே மாதம் ஆறு வற்றி மடு மட்டும் மிஞ்சும் நாளில், ஊரே வலையும் கூடையுமாகக் கரையில் நிற்க, முதலில் அந்தப் பாட்டு, பிறகுதான் வலை. தாத்தா ஒற்றை நரம்பு வாத்தியத்தில் வாசித்ததை நான் கிதாரில் வாசிக்க மாமாவிடம் அனுமதி வாங்கப் பட்டபாடு உனக்குத் தெரியும். எனக்கு வெளிநாட்டு மேடை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆசை இருக்கிறது. ஆனால் அந்தக் கரையில் என்னை நிற்க விடாமல் செய்துவிட்டு நீ எந்த மேடையைக் காட்டினாலும் எனக்கு அது வேண்டாம்.

அட்டையை மாற்றச் சொல். உடனே சொல். என் வீட்டுக்காரி யாமா உனக்கு வணக்கம் சொல்லவில்லை. உன் வீட்டு வெங்காயம் மூட்டையோடு அழுகட்டும் என்று எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் புண்ணியத்தில் அமெரிக்கனாகிப் போன
கொமூசா

*

பமாக்கோ,
21 ஜனவரி 1996

அடேய் தவளை,

உன் கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்ததுமே என் மனைவி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். அடுத்த தடவை எழுதும் முன் கையைக் கழுவிவிட்டு எழுது.

நடந்தது இதுதான். உன் வீட்டு முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேசட் கம்பெனிக்காரன் ஜெரோம் என்னைப் பார்த்து, “இவர் வாசிக்க எங்கே கற்றார்?” என்று கேட்டான். நான் தோகோன். நீ போசோ. என் பாட்டன் மலையில் வெங்காயம் நட்ட நாளிலிருந்து, உன் பாட்டன் ஆற்றில் அடுத்தவன் வலையைத் தூக்கிப் பார்த்த நாளிலிருந்து, நம் இரண்டு குலத்துக்கும் கேலிமுறை. உன்னைப் பற்றி என் வாயில் ஒரு நல்ல வார்த்தை வரக்கூடாது. நான் என்ன திட்டினாலும் நீ முகம் சுளிக்கக்கூடாது. எந்தத் தோகோனும் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் நானும் சொன்னேன். மொப்தியில் ஒரு கழுதைகூட அதை நம்பாது. ஜெரோம் டேப்பில் பிடித்துக்கொண்டு போய் அச்சடித்துவிட்டான். அவர்கள் ஊரில் கேலிமுறை ஏது? அவன் மாமியார்கூட அவனிடம் மரியாதையாகத்தான் பேசுவாளாம், பாவம்.

சரி, போட்டதுதான் போட்டார்கள், என்ன குடி முழுகிப்போயிற்று? பாரிஸில் இருக்கிறவனுக்கு உன்னை எப்படித்தான் சொல்வது? ‘கொமூசா, கொமூசா மாதிரி வாசிப்பான்’ என்றால் எவன் காசு கொடுத்து வாங்குவான்? நீயே அன்றைக்கு ஜெரோமுக்குக் கபித்தான் மீனை எடுத்து வைத்து, “உங்க ஊர் மீன் மாதிரிதான் இருக்கும், முள்ளு கம்மி, பயப்படாம சாப்பிடுங்க” என்றாய். அந்த மீன் உன்னிடம் கோபித்துக்கொண்டதா?

இப்போது நல்ல சேதி கேள். ஜூன் மாதம் பிரான்சில் பெரிய இசைவிழா. ஹாலிஸ் பிராமே வருகிறார், எண்பது தாண்டிய கிழவர். உங்கள் இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைக்கப் போகிறார்கள். ‘தந்தையும் மகனும்’ என்று சுவரொட்டிகூட அடித்தாயிற்று. சுரைக்குடுவை தட்ட நானும் வருகிறேன். நான் இன்னும் விமானத்தின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை, உனக்குத் தெரியுமே.

அட்டை மாறாது. கேட்டுப் பார்த்தேன். கதை நன்றாக ஓடுகிறது, கெடுக்காதே என்கிறான். மாமாவுக்கு இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. நான் கேலிக்குச் சொன்னேன் என்று என் கைப்பட எழுதியிருக்கிறேன், போதாதா?

யாமாவிடம் சொல், அவள் வைக்கிற மீன் குழம்பை எங்கள் ஊர் நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்று.

அதிமே

*

மொப்தி,
6 பிப்ரவரி 1996

டேய் பயறு தின்னி,

படித்துக் காட்டினேன். மாமா வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ‘அடேய் தவளை’ என்று ஆரம்பித்ததுமே ஒருவர் பாயில் உருண்டார். ஜன்னலைத் திறந்தது வந்தபோது மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமியார் கதையை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“நல்லா எழுதறான். ஆனா, கேலிக்குச் சொன்னேன்னு வெங்காயக்காரன் சொல்றதும் கேலிதான்டா. அன்னிக்கு ஒண்ணு சொன்ன வாய் இன்னிக்கு ஒண்ணு சொல்லுது. எதை வெச்சு எதை நம்புறது? தவளைன்னு ஆரம்பிக்கிற கடுதாசி சாட்சிக்கு ஆகாது.”

நான் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தேன். தோகோனும் போசோவும் ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் சொன்னதை வைத்து இந்த ஊரில் ஒரு வழக்கும் தீர்ந்ததில்லையாம். அது உண்மைதானே.

ஆகவே எனக்கு ஒரே ஒரு கடிதம் வேண்டும். திட்டு இல்லாத கடிதம். ‘கொமூசா அவர்களுக்கு’ என்று ஆரம்பித்து, அந்தப் பாட்டு யார் வீட்டுப் பாட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போடு.

பிராம் விஷயம். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாரு கடையில் முதல் தடவை அவர் கேசட்டைக் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? “இவன் நம்மாளுடா, வழி தவறி அங்க போய்ப் பொறந்துட்டான்” என்றேன். அவரை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். நீங்கள் என்னைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டீர்கள். கூப்பிட்ட ஆள் யார் என்பதைப் பொறுத்து நான் அப்பனாகவும் ஆவேன், பிள்ளையாகவும் ஆவேன் என்றால் அது என்ன கணக்கு?

அப்புறம் அந்தச் சுவரொட்டி. எனக்கு ஒரு அப்பன் இருந்தார். வெள்ளத்தில் படகு கவிழ்ந்து போனவர், உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவர் இடத்தில் இன்னொருவரை ஒட்டிவைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? உன் கண் முன்னால்தானே என் அம்மா கரையில் உட்கார்ந்திருந்தாள்? அதைப் பார்த்துவிட்டும் ‘நல்ல சேதி’ என்று எழுதுகிறாயே, உனக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

கடிதத்தை அனுப்பு.

கொமூசா

*

பமாக்கோ,
20 பிப்ரவரி 1996

தவளையே,

முடியாது.

நீ என்ன கேட்கிறாய் என்று யோசித்துத்தான் கேட்கிறாயா? என் அப்பாவைப் புதைத்த அன்று, குழி வெட்டி முடித்ததும் நீ உள்ளே குதித்து நீட்டிப் படுத்துக்கொண்டாய். “இடம் புடிச்சாச்சு, கிழவனுக்கு வேற குழி பாருங்க!” என்றாய். என் சித்தப்பாமார் உன் காலைப் பிடித்து இழுத்தார்கள். நீ அசையவில்லை. “இவ்வளவு நல்ல மெத்தையை வெங்காயக்காரனுக்கு விடுவேனா?” என்று கத்தினாய். மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்த நான், அங்கே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். நீ இல்லாவிட்டால் அன்று நானும் அந்தக் குழியில் விழுந்திருப்பேன். அப்படி ஒரு ஆளுக்கு நான் ‘அவர்களுக்கு’ என்று எழுத வேண்டுமாம். ஒரு தடவை மரியாதை கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியுமா? எடுத்தவன் எவனையாவது நீ பார்த்திருக்கிறாயா?

உனக்கு ஒரு பாட்டு பெரிதாகப் போய்விட்டது. அதற்காக முறையை அறுக்கச் சொல்கிறாய்.

இன்னொன்று. ஜெரோமிடம் நான் அப்படிச் சொன்னபோது நீ எங்கே இருந்தாய்? என் பக்கத்தில்தான். சோற்றுப் பருக்கை தெறிக்கச் சிரித்தாய். “சும்மா விளையாட்டுக்குச் சொல்றான்” என்று ஒரு வார்த்தை நீ அவனிடம் சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை? வெள்ளைக்காரன் சிரிப்பது உனக்கும் பிடித்திருந்தது. இப்போது பழி மட்டும் எனக்கு.

கேலி வேண்டாம் என்றாய் அல்லவா? கேலி இல்லாமல் ஒன்று சொல்கிறேன், வாங்கிக்கொள். பிராம் கேசட் வந்த பிறகு உன் வாசிப்பு மாறியது. உன் முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து தாளம் தட்டியவன் நான், எனக்குத் தெரியாதா? கீழ் நரம்பை நீ இழுக்கிற இழுப்பு அவருடையது. ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமோ என்றுதான் நீ இப்படிக் குதிக்கிறாய். அட்டையில் இருப்பது முழுப் பொய் இல்லை.

அதிமே

*

மொப்தி,
5 மார்ச் 1996

அதிமே,

இதுவரை ஆயிரம் தடவை என்னைத் திட்டியிருப்பாய். ஒன்றுகூட வலித்ததில்லை. இந்தத் தடவை திட்டவே இல்லை, வலிக்கிறது.

ஆமாம், அந்த இழுப்பு பிராமிடம் கேட்டுப் பழகியதுதான். ‘கோடை வெயில்’ பாட்டில் இருக்கிறது, ‘யாமா கோபம்’ பாட்டில் இருக்கிறது. கேட்பவனிடம் நானே சொல்வேன், மறைத்ததில்லை. மடு திறக்கும் பாட்டில் அது கிடையாது. விரல் தானாக அங்கே போனாலும் இழுத்துப் பிடித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டில் ஒரு கை உப்பு வாங்கினால் குழம்பு அவர்களுடையதாகிவிடுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்கிறாயே, இதைக் கேட்கவில்லையா? கேட்டிருப்பாய். கேட்டும்தான் அப்படி எழுதியிருக்கிறாய்.

நான் சிரித்தேன், அதுவும் உண்மை. முறைக்காரன் திட்டினால் சிரிக்கத்தானே வேண்டும்? அது அச்சில் ஏறும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தபால் நிலையத்தில் அரை நாள் காத்துக் கிடந்து ஜெரோமுக்குத் தொலைபேசி போட்டேன். அவன் ஒன்றும் அறியாதவன் மாதிரி, “அதிமேயிடம் அட்டையை முன்பே காட்டினோமே! ரொம்பப் பிரமாதம், அப்படியே போடுங்கள் என்றாரே!” என்கிறான். லைன் விட்டு விட்டுக் கேட்டது. இருந்தாலும் இது தெளிவாகக் கேட்டது.

அட்டை முழுவதையும் படித்தாய். மூன்றாவது பாட்டையும் படித்தாய். அது எங்கள் வீட்டுப் பாட்டு என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விமானத்தின் உள்பக்கத்தைப் பார்க்க அதை அப்படியே விட்டாய்.

முறைக்காரன் என்னைத் திட்டலாம். விற்கக்கூடாது.

முறையை நான் அறுக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நீ அதை அறுத்து அச்சடித்துக் கடைகடையாக அனுப்பி எத்தனை மாதமாகிறது! ஜூன் மாதம் நான் வரவில்லை என்று ஜெரோமிடம் சொல்லிவிட்டேன். பிராம் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொன்னேன். அவர் மகனாக இல்லை, இன்னொரு வாசிப்புக்காரனாக.

மே பதினொன்றாம் தேதி மடு திறக்கிறார்கள். அதற்குள் கடிதம் வரட்டும்.

கொமூசா தியெந்தா

*

பமாக்கோ,
22 ஏப்ரல் 1996

பெருமதிப்பிற்குரிய கொமூசா தியெந்தா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியார் யாமா அவர்களும் தங்கள் மாமா நூஹூம் கரபெந்தா அவர்களும் நலமோடிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

தாங்கள் கேட்டுக்கொண்டபடி இதை எழுதுகிறேன். பெரியவர்கள் முன்னிலையில் படிக்கலாம்.

மடு திறக்கும் பாட்டு கரபெந்தா வீட்டாருக்கு உரியது. நான் சிறு வயதில் என் தந்தையாருடன் வெங்காயம் விற்க மொப்திக்கு வந்தபோது, தங்கள் தாத்தா அவர்கள் மடுக்கரையில் நின்று அதை ஒற்றை நரம்பில் வாசித்துப் பாட, நானே காதால் கேட்டேன். அப்போது அந்த ஊரில் கேசட் என்ற பொருளே கிடையாது. பின்னாளில் தாங்கள் கிதாரில் வாசித்ததும் அதே பாட்டுதான். அதில் ஹாலிஸ் பிராம் அவர்களின் சாயல் எதுவும் இல்லை. அவரிடமிருந்து தாங்கள் எடுத்துக்கொண்ட சிறு இழுப்பு வேறு பாட்டுகளில் இருக்கிறது. இந்தப் பாட்டில் தாங்கள் அதைச் சேர்த்ததே இல்லை. தங்கள் அருகில் உட்கார்ந்து தாளம் வாசித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஜெரோம் அவர்களிடம் நான் சொன்னது கேலி. அட்டையில் அச்சாகியிருப்பது பொய். அச்சுக்கு முன் அதை எனக்குக் காட்டினார்கள். பொய் என்று தெரிந்தும், பயணம் போகும் ஆசையில் சரி என்றேன். இதையும் அவருக்கு எழுதிவிட்டேன். அந்தப் பயணம் இப்போது எனக்கும் இல்லை.

இந்தக் கடிதத்தை ஏழெட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு திட்டு நுழைந்துவிட்டது. இதில் ஒன்றுகூட இல்லை. தங்கள் மாமா அவர்கள் வரிவரியாகச் சோதித்துக்கொள்ளலாம்.

தங்கள் மீது மிகுந்த மரியாதையுள்ள,
அதிமே கிந்தோ

*

மொப்தி,
14 மே 1996

அன்பிற்குரிய அதிமே கிந்தோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அன்றே மாமா வீட்டில் படித்தேன். சிரிப்பதற்குத் தயாராகக் கூட்டம் கூடியிருந்தது. போன கடிதத்தின் ருசி யாருக்கும் போகவில்லை. ‘பெருமதிப்பிற்குரிய’ என்று படித்தேன். யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ‘தாங்களும் தங்கள் துணைவியாரும்’ என்று படித்தேன். உள்ளேயிருந்து அத்தை ஓடிவந்து, “யாருடா செத்துட்டாங்க?” என்று கேட்டார்.

மாமா முழுவதும் படிக்க விடவில்லை. கையைக் காட்டி நிறுத்தினார்.

“போதும்டா. ஒரு தோகோன் ஒரு போசோவுக்கு இப்படி எழுதறான்னா அது சத்தியமாத்தான் இருக்கணும். மடுவுக்கு வா.”

பதினொன்றாம் தேதி வாசித்தேன். விரல் எங்கும் தடுமாறவில்லை. தண்ணீர் வழிவிட்டது. நல்ல மீன். யாமா இன்னும் கருவாடு உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

கரையில் தங்கள் ஊர் வெங்காயக்காரர் ஒருவர் நின்றிருந்தார். நான் வாசித்து முடித்ததும், “தவளை கத்தினா மழை வரும்னு பார்த்தேன், மீனுல்ல வருது!” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகையாக வந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

இந்தக் கடிதத்தின் தலைப்பில் ‘டேய் வெங்காயம்’ என்றுதான் முதலில் எழுதினேன். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், ஒரு பெரிய மனிதரை ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டுவது போல இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

தங்களுக்கு என் நன்றி. தங்கள் வீட்டில் நல்லது கெட்டது என்றால் சொல்லி அனுப்புங்கள், கட்டாயம் வருவேன். சாவு என்றாலும் வருவேன். குழிக்கு வெளியே, மற்றவர்களோடு நிற்பேன்.

மரியாதையுடன்,
கொமூசா தியெந்தா